ஐஸ் கம்பெனியில் ஜெனரேட்டர்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. நீலகிரி மலையில் சிறிய பிரசவ ஆஸ்பத்திரி நடத்தும் ஒரு டாக்டரம்மா, தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கும் எங்கள் ஷெட்டுக்கு வந்து ஒரு ஜெனரேட்டர் கேட்டார்.

2. அதற்கு எந்த ஆயில் ஊற்றுவது என்பதில் எனக்கும் எங்கள் தலைமை மெக்கானிக்குக்கும் ஒத்துப்போகவில்லை.

3. முதலாளி இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு தீர்ப்புச் சொன்னார்.

4. அந்தத் தீர்ப்பின்படி ஆயில் ஊற்றிய ஜெனரேட்டரை ஓர் இரவு முழுக்க ஐஸ் கம்பெனிக் கிடங்கில் வைத்தோம்.

5. காலையில் அது ஸ்டார்ட் ஆகவில்லை.

6. அதை மலைக்கு ஏற்றிப் போக வேண்டிய லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது.

இனி ஒவ்வொன்றாக.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மின்வெட்டு அதிகமாக இருந்ததால் எங்களுக்கு வேலையும் அதிகம். இன்ஜினை ஓரிடத்தில் வாங்குவோம், கரன்ட் தரும் ஆல்டர்னேட்டரை வேறிடத்தில் வாங்குவோம். இரண்டையும் தாங்கும் இரும்புச் சட்டம் பம்மலில் ஒரு வெல்டிங் பட்டறையிலிருந்து வரும். ஷெட்டில் பூட்டி, பெயின்ட் அடித்து, கல்யாண மண்டபம், சினிமா கொட்டகை, கிளினிக் என்று அனுப்புவோம். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து அங்கே சேர்ந்திருந்தேன். பூட்டிய ஜெனரேட்டர் செட்டைச் சோதித்துச் சான்று எழுதித் தருவது என் பொறுப்பு.

டாக்டரம்மா கூடுவாஞ்சேரியில் ஒரு உறவுக் கல்யாணத்துக்கு வந்தவர், பட்டுப்புடவையோடு நேரே ஷெட்டுக்கு வந்துவிட்டார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நின்றபடியே வரிசையில் இருந்த செட்டுகளைப் பார்த்தார்.

"எனக்குப் பெரிய மெஷின் வேண்டாம். விடியற்காலையில எழுந்திருக்கிற மெஷின் வேணும். இருக்கா?" என்றார்.

முதலாளி, "நம்ம மெஷின் எல்லாமே ஒரே தட்டுல ஸ்டார்ட் ஆகும்மா" என்றார்.

"இப்ப அங்க இருக்கிறதை வித்தவரும் அப்படித்தான் சொன்னார்."

அவருடைய ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளை வைக்கும் சூட்டுப் பெட்டி இரண்டு இருந்தன. போன தை மாதம் ஒரு நாள் விடியும் முன்பே கரன்ட் போயிற்று. வெளியே புல்லெல்லாம் உறைபனி. ஜெனரேட்டர் முனகியதே தவிர ஓடவில்லை. பெட்டி ஆறத் தொடங்கியதும் ஒரு நர்ஸ் குழந்தையை எடுத்துத் தன் மார்போடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு, வெயில் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"அந்தக் குழந்தை பிழைச்சுது. ஒவ்வொரு தடவையும் பிழைக்கும்னு என்னால சொல்ல முடியாது. இந்தக் குளிர் இறங்கறதுக்குள்ள எனக்கு மாத்தியாகணும்" என்றார் டாக்டரம்மா. பிறகு என்னைப் பார்த்து, "டெஸ்ட் பண்றது நீயாம்மா? எதுல டெஸ்ட் பண்ணுவே? இங்க குளிரே கிடையாதே!" என்று கேட்டார்.

அவர் கேட்டது சரிதான்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புதிய செட்டை முதல்முறை ஸ்டார்ட் செய்வது நல்ல நேரம் பார்த்துத்தான். வாங்குகிறவர் வந்து சேர்ந்து, எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் ஏற்றும்போது பெரும்பாலும் உச்சி வெயில் ஆகிவிடும். தகரக் கூரைக்குக் கீழே இன்ஜின் தொட முடியாமல் கொதித்துக்கொண்டிருக்கும். எந்த ஆயில் இருந்தாலும் ஓடும். குளிர்ந்த இன்ஜின் என்பதை எங்களில் யாரும் பார்த்ததே இல்லை.

நாங்கள் எல்லாவற்றுக்கும் ஊற்றியது நாற்பதாம் நம்பர் ஆயில்; நம்பர் ஏற ஏறக் கெட்டி. தலைமை மெக்கானிக் அண்ணா புதிய டின்னை உடைத்ததும் ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்லப் பிரிப்பார். நூல்போல இழுபட வேண்டும். எவ்வளவு நீளமாக இழுபடுகிறதோ அவ்வளவு நல்ல ஆயில். சீக்கிரம் அறுந்தால் முகம் சுளிப்பார். ஊரில் எல்லா மெக்கானிக்குகளும் அப்படித்தான் பார்த்தார்கள். கெட்டி என்றால் பலம். எங்கள் வெயிலுக்கு அது பொருந்தியது.

நான் தேடியது அப்போதுதான் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்த மல்டிகிரேடு ஆயில். டின்மேல் பதினைந்து டபிள்யூ நாற்பது என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் குளிரில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு, இரண்டாவது இன்ஜின் சூடான பிறகு எப்படி என்பதற்கு. குளிரில் இளகலாக இருந்து, இன்ஜினை எழுப்பும் செல்ஃப் மோட்டாரைச் சுற்றவிட வேண்டும். சூடு ஏறிய பின் நாற்பதாம் நம்பரைப் போலவே, சுழலும் கிராங்க் தண்டைப் பிடித்திருக்கும் பேரிங்குகளைத் தாங்க வேண்டும். தாம்பரத்தில் ஒரே ஒரு கடையில் கிடைத்தது. வாங்கி வந்து வைத்தேன்.

அண்ணா ஒரு சொட்டு எடுத்தார். பிரித்தார். நூல் சட்டென்று அறுந்தது.

"இன்னா மேடம் இது, தண்ணி மாரி கீது?"

"இந்த வெயில்ல அப்படித்தான் இருக்கும் அண்ணா. மலையில சரியா இருக்கும்."

"ரெண்டு நம்பர் போட்டுகீறான். ரெண்டுங்கெட்டான் ஆயிலு." ஷெட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் விடவில்லை. "நான் ஒண்ணு கேக்கறேன், சொல்லு. குளுருக்கு நீ இன்னா போடுவ? ஸ்வெட்டர் போடுவியா, மல்லுத்துணி போடுவியா?"

"ஸ்வெட்டர்."

"இன்ஜினுக்கு மட்டும் மல்லுத்துணியா? குளுருல அதுக்குக் கெட்டியா வோணாம்?"

அவர் கிண்டலாகச் சொன்னாலும் அதைத்தான் நம்பினார். குளிரென்றால் போர்த்திக்கொள்ள வேண்டும், கனமாகப் போர்த்திக்கொள்ள வேண்டும். ஐம்பதாம் நம்பர் கிடைத்தால் இன்னும் நல்லது என்றுகூட ஒருமுறை சொன்னார். குளிரே இல்லாத ஊரில் குளிரை நினைத்துப் பார்க்கிறவர்கள் வேறெப்படி நினைப்பார்கள்?

நான் தேங்காய் எண்ணெயைச் சொன்னேன். "மார்கழியில உங்க வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலை என்ன பண்ணுவீங்க?"

"மாடில வெயில்ல வெப்போம்."

"அந்த டாக்டரம்மா விடியறதுக்கு முன்னால வெயிலுக்கு எங்க போவாங்க?"

"அது தலைக்குத் தேய்க்கற எண்ண. இது இன்ஜின் ஆயிலு. அத்தையும் இத்தையும் ஒண்ணா கோக்காத." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். இப்போது கிண்டல் இல்லை. "படப்பையில ஒரு ரைஸ் மில்லு. சித்திர மாசம். எவனோ இளகின ஆயிலா ஊத்திட்டான். ஃபுல் லோடுல ஓடச்சொல்ல பேரிங் புடிச்சிகிச்சு. கிராங்க்கு ரெண்டு துண்டு. நான்தான் போய் அள்ளினேன். ஸ்டார்ட் ஆவறது பெருசில்ல மேடம். ஓடிகினு இருக்கச்சொல்ல நிக்கக் கூடாது. ஆப்பரேசன் நடக்கச்சொல்ல நின்னா?"

அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் ஆபத்து இருந்தது. கெட்டியாக ஊற்றினால் குளிரில் எழாமல் போகலாம். இளகலாக ஊற்றினால், நான் படித்ததும் டின்னில் எழுதியிருப்பதும் பொய்யானால், ஓடும்போது பேரிங் போகலாம். எது நடந்தாலும் ஆறப்போவது அந்தச் சூட்டுப் பெட்டிதான்.

முதலாளியிடம் போனோம். அவருடைய குடும்பத்துக்கு அந்தப் பகுதியில் நிலம் அதிகம். வயல்கள் மனைகளாகி விற்ற பிறகுதான் ஷெட் போட்டார். ஆனாலும் ஊரில் வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு என்றால் இன்னும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருடைய தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: நடுவில் கல்லை நடு. அதற்கப்புறம் இரு தரப்பும் பேசக் கூடாது.

இரண்டு பேர் சொன்னதையும் முழுக்கக் கேட்டார்.

"சரி. அவரு ஆயில் பாதி, உன் ஆயில் பாதி. முடிஞ்சுது."

"சார், இது வெந்நீர் விளாவற மாதிரி இல்ல."

"விளாவினாத்தானேம்மா உடம்புக்கு ஒத்துக்கும்? ரொம்பக் கெட்டியும் வேணாம், ரொம்ப இளகலும் வேணாம். நடுவுல இருக்கட்டும்."

அண்ணாவுக்கும் அது பிடிக்கவில்லை என்பதை முகம் காட்டியது. ஆனால் கல் நட்டாயிற்று. நான் ஒன்றை மட்டும் கேட்டேன்: மலைக்கு ஏற்றும் முன் குளிரில் வைத்து ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சான்றில் கையெழுத்துப் போட மாட்டேன்.

"குளுருக்கு எங்கம்மா போறது?"

"உங்க மச்சான் ஐஸ் கம்பெனி வெச்சிருக்காரே சார்."

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "மீனோட சேத்து ஜெனரேட்டரையும் ஐஸ்ல வெக்கச் சொல்றியா!"

ஐஸ் கம்பெனி பம்மலுக்குப் போகும் வழியில் இருந்தது. பாளம் பாளமாக ஐஸ் அடுக்கும் கிடங்கில் மலைக் காலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே குளிர் இருக்கும். செட்டைச் செயின் போட்டு இறக்கி, உருளைக் குழாய்களின்மேல் தள்ளி உள்ளே கொண்டுபோனோம். தண்ணீர் வேண்டாத, காற்றாலேயே ஆறும் இன்ஜின் அது. அதனால் தண்ணீர் உறைந்து வெடிக்கும் கவலை இல்லை. ஆயில், டீசல், பேட்டரி மூன்றும் மட்டும்தான் குளிரைத் தாங்க வேண்டும். மச்சான் ஒரே ஓர் இரவுக்குத்தான் ஒத்துக்கொண்டார். காய்கறி இறக்கிவிட்டு வெறுமனே மலைக்குத் திரும்பும் லாரி ஒன்றை மறுநாளுக்குப் பேசியிருந்தோம். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. மலையில் குளிர் இறங்கத் தொடங்கிவிட்டது என்று டாக்டரம்மா ஏற்கெனவே ஷெட்டுக்குப் போன் செய்திருந்தார்.

காலையில் நான் போனபோது மீன் விற்கும் பெண்கள் கூடைகளோடு ஐஸுக்காக வரிசையில் நின்றார்கள். கிடங்குக் கதவைத் திறந்து செட்டை வெளி மேடைக்குத் தள்ளினோம். மேலே போர்த்தியிருந்த சாக்கில் பனி பூத்திருந்தது.

வரிசையில் முதலாவதாக நின்ற அக்காவுக்குப் பொறுமை இல்லை. "இன்னாபா இது, பொணத்த போத்தின மாரி போத்திகினு வரீங்க?"

"ஜெனரேட்டர்" என்றார் அண்ணா.

"அத்த எதுக்கு ஐஸ்ல வெச்சீங்க? கெட்டுப்பூடுமா?"

அண்ணா சிரிக்கவில்லை. சாவியைத் திருப்பினார்.

செல்ஃப் மோட்டார் இழுத்தது. ஊ... என்று ஒரு நீண்ட முனகல். இன்ஜின் பாதிச் சுற்றுச் சுற்றித் திணறியது. மறுபடி ஊ... முன்னதைவிட மெதுவாக. சற்று விட்டு மீண்டும் திருப்பினார். கால் சுற்று. அதற்கப்புறம் டக் என்ற ஓசை மட்டும் வந்தது. பேட்டரி இறங்கிவிட்டது. புகைகூட வரவில்லை.

டாக்டரம்மா சொன்ன முனகல் இதுதான் என்று எனக்குப் புரிந்தது.

"பாத்தியா?" என்றார் அண்ணா. "தண்ணிய கலந்து ஊத்துனா இப்பிடித்தான்."

"அண்ணா, சுத்தவே இல்ல. சுத்த விடாதது உங்க பாதி."

"என் பாதியா? என் பாதி ஊத்தின செட்டு இத்தினி வருசமா மெட்ராஸ் பூரா ஓடுது!"

"மெட்ராஸ்ல ஓடுது."

முதலாளி நடுவில் வந்தார். ஒரே இன்ஜின், ஒரே முனகல்; இரண்டு பேரும் அதையே சாட்சிக்கு இழுத்தோம். நடுக்கல் நட்டதன் பலன் இது: தோற்றது யாரென்று யாருக்கும் சொல்ல முடியவில்லை. அவர் முகத்தில் முதல்முறையாகக் குழப்பத்தைப் பார்த்தேன்.

"இப்ப என்னதான் பண்றது?"

"முழுக்க வடிச்சிட்டு ஒரே ஆயிலை ஊத்தணும் சார். திரும்ப இதே குளிர்ல பாக்கணும்."

ஐஸ் கம்பெனி மேனேஜர் கையை விரித்தார். "கிடங்குல இனிமே முடியாதும்மா. ஐஸ்ல டீசல் நாத்தம் ஏறினா இவங்க என்னை விடுவாங்களா?"

"நல்லா விடுவோம்!" என்றார் அந்த அக்கா. "வஞ்சிரத்த ஆயில் வாடையோட எவ வாங்குவா? இத்த மொதல்ல அப்பால தள்ளுங்க. என் யாவாரம் கெடுது."

செட்டைக் காம்பவுண்டின் ஒரு மூலைக்குத் தள்ளினோம். அண்ணா கீழே படுத்து, ஆயிலை வடிக்கும் பிளக்கைக் கழற்றினார். வழக்கமாகக் கழற்றியதும் கையில் கொட்டும், அதனால் விலகிப் படுப்பார். அன்றும் விலகினார். ஒன்றும் கொட்டவில்லை. கொஞ்சம் பொறுத்து, அதிரசத்துக்குக் காய்ச்சிய பாகு போலத் தடித்த ஒரு கயிறு மெல்ல இறங்கியது. சட்டியில் விழுந்து மடிந்து மடிந்து படிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். விரலில் தொட்டார். பிரித்தார். நூல் அறுபடவே இல்லை. அவருடைய கணக்கில் அது முதல்தரமான ஆயில்.

எழுந்து கையைத் துடைத்தார். "ஊத்து, உன்னுத. ஆனா ஒண்ணு. ஸ்டார்ட் ஆனா போதாது. ஃபுல் லோடுல கொதிக்கக் கொதிக்க ஓட்டிக் காட்டணும். ஆயில் பிரஷர் எறங்குச்சோ, நானே நிறுத்திடுவேன்."

"சரி அண்ணா."

"பேட்டரி?"

"ஷெட்டுலேருந்து வேற ஒண்ணு வருது."

"அதுக்கும் ஐஸு வெக்கணும். அதுக்கு மட்டும் இன்னா சலுகை?"

அவர் சொன்னது நியாயம். வைத்தோம்.

வடித்த மிச்சம் உள்ளே நிற்கக் கூடாதென்று புதிய ஆயிலைக் கொஞ்சம் ஊற்றி அலசி வடித்தோம். பிறகு முழுக்க மல்டிகிரேடை ஊற்றினோம். கிடங்கு இல்லாததால் குளிரை வெளியிலேயே உண்டாக்க வேண்டியிருந்தது. மேனேஜர் உடைத்த ஐஸைச் சாக்கில் கட்டித் தந்தார். அடியில் இருந்த ஆயில் தொட்டியைச் சுற்றியும் இன்ஜினைச் சுற்றியும் வைத்தோம். தன் கூடையை நிரப்பிக்கொண்டிருந்த அந்த அக்கா பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினார்: "சும்மா ஐஸ கொட்னா கரைஞ்சி ஓடிடும்! உப்ப தூவு, இன்னும் குளுரும்! மேல சாக்கப் போட்டு அமுக்கு! மீனு பொட்டி கட்டினதே இல்லியா யாரும்?" கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போகும்போது, "நான் வித்துட்டு வரதுக்குள்ள அத்த எழுப்பி வையுங்க" என்றார்.

என்னிடம் ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. ஆயில் அளவுக் குச்சி செருகும் துளை வழியாக அதை உள்ளே விட்டுப் பார்த்தேன். காலையில் கிடங்கிலிருந்து வந்ததும் இப்படியே அளந்து குறித்து வைத்திருந்தேன். அதே அளவுக்குக் குளிரும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று நான் எனக்கே விதித்துக்கொண்டேன். அதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்தால் அது ஓடலாம். ஆனால் அந்த ஓட்டத்துக்கு அர்த்தமில்லை.

வெயில் ஏறியது. பாதரசம் இறங்கியது, மிக மெதுவாக. லாரிக்காரர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தார்.

"ஆரம்பிச்சிடலாம்மா."

"இன்னும் வரல சார்."

"கொஞ்சந்தானே பாக்கி?"

"அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் சார் இவ்வளவும்."

அவருடைய அவசரத்துக்கு லாரி மட்டும் காரணமில்லை. அன்று வெள்ளிக்கிழமை. ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. காலையில் இன்ஜின் ஓடவில்லை. அதனால் அவர் கணக்கில் முதல் ஸ்டார்ட் இன்னும் ஆகவில்லை. எங்கள் ஷெட்டிலிருந்து ஒரு செட்டும் ராகுகாலத்தில் முதல்முறை ஓடியதில்லை. நான் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்துக் காலை அளவு வந்துவிட்டது என்று சொன்னபோது ராகுகாலம் பிறந்திருந்தது.

"முடியட்டும். அப்புறம் பாக்கலாம்."

"அதுக்குள்ள ஐஸ் கரைஞ்சிடும் சார். லாரியும் நிக்காது." நான் கொஞ்சம் தயங்கித்தான் அதைச் சொன்னேன்: "மலையில கரன்ட் ராகுகாலம் பாத்துப் போகாது."

அண்ணா தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. முதலாளி பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். பிறகு அதைச் சட்டத்தின்மேல் வைத்தார். "என் கண்ணு முன்னால வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

இனி நாங்கள் இருவர்தான். சாவியை என்னிடம் நீட்டினார் அண்ணா.

"நீங்களே திருப்புங்க. நான் திருப்பினா நாளைக்கு வேற மாதிரி பேசுவீங்க."

"பேசுவேன்தான்" என்று சொல்லிவிட்டுத் திருப்பினார்.

கனமாகத்தான் சுற்றியது. ஆனால் சுற்றியது. திணறி நிற்கவில்லை, ஒரு சுற்று முடிந்து இன்னொன்று, அது முடிந்து இன்னொன்று. புகைக்குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. பற்றவில்லை. அவர் கையை எடுத்தார். எங்கள் இரண்டு பேரின் கண்ணும் பேட்டரிமேல் இருந்தது. அவர் மனதுக்குள் ஏதோ எண்ணிவிட்டு மறுபடி திருப்பினார். சுற்று. புகை. ஓர் இருமல். இன்னொன்று. பிறகு மொத்த இரும்பும் உதறிக்கொண்டு பிடித்தது. சாக்குகள் சரிந்து, உப்பும் ஐஸும் நாலாபக்கமும் சிதறின. லாரிக்காரர் ஓடி வந்தார். காருக்குள் முதலாளியின் தலை திரும்பியது.

அண்ணா என்னைப் பார்க்கவில்லை. ஆயில் பிரஷர் காட்டும் மீட்டரைப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து சாக்பீஸை எடுத்து மீட்டர் கண்ணாடியில் ஒரு கோடு போட்டார். "இதுக்குக் கீழ வந்தா நிறுத்திடுவேன்."

இது எனக்கு முன்னதைவிடக் கடினமாக இருந்தது. ஸ்டார்ட் ஆகும் என்பதற்குக் காலையில் வழிந்த பாகே சாட்சி. ஓடி ஓடிக் கொதித்த பிறகும் தாங்கும் என்பதற்கு டின்னில் இருந்த இரண்டாவது எண்ணைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை. ஷெட்டிலிருந்து வந்த, கரன்டைக் குடிக்கும் ஹீட்டர் காயில்களை ஒவ்வொன்றாகப் பூட்டி முழு லோடும் ஏற்றினோம். உச்சி வெயில். இன்ஜினுக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. முள் இறங்கத் தொடங்கியது. இறங்கும் என்று எனக்குத் தெரியும். ஆயில் சூடானால் இளகும், இளகினால் பிரஷர் குறையும். எங்கே நிற்கும் என்பதுதான் கேள்வி. அண்ணா ஒரு கையை நிறுத்தும் நெம்புகோல்மேல் வைத்திருந்தார். முள் கோட்டை நெருங்கியது. லாரிக்காரர் ஏதோ கேட்டார். நாங்கள் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கோட்டுக்கு மேலே, ஒரு தீக்குச்சி அகலத்தில், முள் நின்றது.

அதற்குப் பிறகு அது நகரவில்லை. அண்ணா மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தார். இன்ஜினின் வயிற்றில் ஸ்குரூடிரைவரை ஊன்றி, அதன் கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டார். அந்தப் பக்கம் போய்க் கேட்டார். நெம்புகோலிலிருந்து கையை எடுக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"ஓடுது" என்றார். "ஒத்துக்கினேன்னு சொல்லல. ஓடுது."

வெறுங்கூடையோடு திரும்பிய அந்த அக்கா வாசலிலேயே நின்று கேட்டார்: "எந்திரிச்சிச்சா?"

"எந்திரிச்சிச்சு" என்றேன்.

"அப்ப எதுக்கு ரெண்டு பேரும் எழவு வூட்ல நிக்கற மாரி நிக்கறீங்க?"

நான் சான்றில் கையெழுத்துப் போட்டேன். செட்டைப் பொருத்த அண்ணாதான் லாரியோடு போனார். அவர் ஏறி உட்கார்ந்த பிறகு காலடியில் ஒரு டின்னைப் பார்த்தேன். நாற்பதாம் நம்பர்.

"அது எதுக்கு அண்ணா?"

"தொணைக்கு."

லாரி போய்விட்டது.

அந்த வாரம் முழுக்க எனக்கு அந்த டின்தான் கண்ணுக்குள் நின்றது. மலையில் செட்டுக்கு அருகில் நான் இல்லை. அவர் இருந்தார், டின் இருந்தது. முதல் சிறு சந்தேகம் வந்ததும் வடித்துவிட்டு மாற்றிவிட அவரால் முடியும். அதைக் கெட்ட எண்ணத்தில் செய்யமாட்டார். கனமாகப் போர்த்திவிடுகிற எண்ணத்தில்தான் செய்வார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. வீட்டில் குளியலறை மாடத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலின் அடியில் வெள்ளை படியத் தொடங்கியிருந்தது. எங்களுக்கே அப்படியென்றால் அங்கே எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு காலையும் அதை எடுத்துப் பார்த்தேன்.

டாக்டரம்மா ஒரு நாள் காலையில் போன் செய்தார். இரைச்சலுக்கு நடுவே குரல் தூரத்தில் கேட்டது.

"இன்னிக்குக் காலையில கரன்ட் போச்சும்மா. வெளியில புல்லெல்லாம் வெள்ளை."

"ஸ்டார்ட் ஆச்சா டாக்டர்?"

"முதல் தடவை பிடிக்கல. ரெண்டாவது தடவை பிடிச்சிடுச்சு. பெட்டியில ஒரு குழந்தை இருந்தது. சூடு குறையறதுக்குள்ள வந்திடுச்சு."

"எந்த ஆயில் இருக்கு டாக்டர்? மாத்தினாங்களா?"

"அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? உங்க மெக்கானிக் இங்க இருந்து கிளம்பிட்டாரே. நாளைக்கு வருவார், கேட்டுக்கோ."

மறுநாள் அண்ணா வந்தார். காதைச் சுற்றி மஃப்ளர், கையில் அதே டின். மூடி உடைந்திருந்தது.

"ஊத்திட்டீங்களா?"

டின்னை மேசைமேல் வைத்தார். நிறைந்திருந்தது.

"போன அன்னிக்கு ராத்திரி இத்த வெளிய வெச்சேன். காலைல தொறந்து கவுத்தேன்." கையைக் கவிழ்த்துக் காட்டினார். "வரல மேடம். தலகீழா புட்ச்சிகினு நிக்கறேன், டீ குடிச்சி முடிக்கறேன், அப்பறம்தான் எட்டிப் பாக்குது."

"அப்புறம்?"

"அப்பறம் இன்னா? மூடி வெச்சிட்டேன்."

இப்போதுள்ள நிலைமை இது. அந்தச் செட் இன்னும் அதே மலை ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அதில் பதினைந்து டபிள்யூ நாற்பதுதான் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் குளிர் இறங்கும் முன் அதே ஆயிலை மாற்றுகிறார்கள். கடும் பனிக் காலையில் முதல் தடவையில் பிடிப்பதில்லை, இரண்டாவதில் பிடிக்கிறது. சமவெளிக்குப் போகும் செட்டுகளுக்கு ஷெட்டில் இன்றும் நாற்பதாம் நம்பர்தான். அண்ணா இன்றும் விரலில் நூல் இழுத்துத்தான் பார்க்கிறார். மலைக்கு என்று எழுதிய செட்டுக்கு மட்டும் பார்ப்பதில்லை.